புளியங்கொட்டையும் ரொக்கப் பணமும்

ஸ்ரீமதி வாட்டனாபேயை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்க நியாயமில்லை. அப்படி ஓர் அம்மாள் பிறக்கவே இல்லை! ஆனாலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய பெரிய பாங்கிக்காரர்கள், "இன்றைக்கு வாட்டனாபே அம்மாள் எதை வாங்கினாள், எதை விற்றாள்?" என்று கவலையோடு விசாரிப்பது உண்டு.

வாட்டனாபே என்பது ஜப்பானில் சர்வ சாதாரணமாக வழங்கும் குடும்பப் பெயர். நம் ஊரில் குப்புசாமி, முனுசாமி என்கிறோமே, அது மாதிரி. வீட்டில் இருந்தபடியே அந்நிய நாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் ஜப்பானியர் எல்லோருக்கும் சேர்த்து உலகச் சந்தைக்காரர்கள் சூட்டிய செல்லப் பெயர் அது. உண்மையில் அப்படிக் கணக்கு வைத்திருப்பவர்களில் ஆண்களே அதிகம். பெயர் மட்டும் அம்மாளுக்குப் போய்விட்டது. காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பானியக் குடும்பங்களில் கணவன் சம்பளத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, தன் காப்பிச் செலவுக்கு அவளிடமே கை நீட்டுவது வெகு காலமாக உள்ள வழக்கம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மனைவி ரகசியமாகச் சேர்க்கும் பணத்துக்கு அங்கே ‘ஹெஸோகுரி’ என்று தனிப் பெயரே உண்டு. நம் வீடுகளில் கடுகு டப்பாவுக்குள் இருக்குமே, அதே பணம்தான்!

1998 ஏப்ரலில் ஜப்பான் சர்க்கார் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் தளர்த்தியது. அதற்கு முன் பாங்கிகள் மட்டுமே நடமாடிய சந்தையில் குடும்பஸ்தர்களும் நுழைய வழி பிறந்தது. மறு வருஷமே ஜப்பானின் மத்திய பாங்கி வட்டியை ஏறக்குறையப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விட்டது. பாங்கியில் போட்ட பணம் போட்டபடியே தூங்கிற்று. அதே சமயத்தில் அயல்நாடுகளில் வட்டி கொழித்தது. 2007ஆம் வருஷக் கடைசியில் ஜப்பானில் அரை சதவிகிதம், ஆஸ்திரேலியாவில் 6.75, நியூஸிலாந்தில் 8.25. வாட்டனாபே அம்மாள் சும்மா இருப்பாளா? யென்னைக் கொடுத்து ஆஸ்திரேலிய டாலரை வாங்கினாள். அந்த வருஷம் ஜப்பான் மத்திய பாங்கியின் கொள்கைக் குழுவைச் சேர்ந்த நிஷிமூரா என்பவர் தம் பிரசங்கத்திலேயே டோக்கியோ இல்லத்தரசிகளைப் பற்றிக் குறிப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த அம்மாள் எப்படித் தொழில் கற்றாள், எங்கே வழுக்கினாள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொய்ப் பணத்தில் மகாராணி

தரகுக் கம்பெனிகள் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கு கொடுக்கின்றன. ‘டெமோ’ என்று அதற்குப் பெயர். விலைகள் எல்லாம் உண்மை. பணம் மட்டும் பொய். 10 லட்சம் யென், 50 லட்சம் யென் என்று தாராளமாக எழுதி, "இந்தா, வாங்கி விற்றுப் பழகு" என்கிறார்கள். டாலர் 150 யென்னுக்கு விற்கும்போது 10,000 டாலர் வாங்குகிறோம் என்று வையுங்கள். 151க்கு ஏறினால் 10,000 யென் லாபம். 149க்கு இறங்கினால் அதே அளவு நஷ்டம். கணக்கு இவ்வளவுதான்.

நம் அம்மாள் இரண்டு மாதம் பழகுகிறாள். பொய்ப் பணம் இரட்டிப்பாகிறது. "இவ்வளவுதானா சூட்சுமம்!" என்று கடுகு டப்பாவைத் திறக்கிறாள். உண்மைப் பணம் ஒரு லட்சம் யென்னைக் கட்டுகிறாள். ஆறு வாரத்தில் அதில் பாதி காணோம்.

இது நான் கற்பித்த உதாரணம். ஆனால் உலகம் முழுவதும் நடக்கிற சங்கதி. 2018ல் ஐரோப்பாவின் சந்தை மேற்பார்வை ஸ்தாபனம், நாணயம் முதலியவற்றை முன்பணம் கட்டி ஊகத்தில் வாங்கி விற்கும் சில்லறைக் கணக்குகளைப் பரிசீலித்தது. 100 கணக்குகளில் 74 முதல் 89 வரை நஷ்டத்தில் முடிவதாக அறிவித்தது. இவர்களில் பொய்ப் பணத்தில் ஜெயித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ!

அதே விலை, அதே கைபேசி, அதே மனுஷி. பின் ஏன் இப்படி?

மூன்று வித்தியாசங்கள்

முதலாவது, விலை. பயிற்சிக் கணக்கில் திரையில் தெரிகிற விலைக்கே சரக்கு கிடைத்துவிடும். நிஜக் கணக்கில் அந்த நிச்சயம் இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தரகருக்கு வரும்படி. சந்தை அமைதியாக இருக்கும்போது அது மயிரிழை போல் இருக்கும். பரபரப்பானால் வாய்க்கால் மாதிரி அகலும். அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை அநேகமாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெளியிடுகிறார்கள். அப்போது டோக்கியோவில் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை மணி. சமையலறையைக் கழுவிவிட்டு அம்மாள் கைபேசியை எடுக்கிற நேரம்! அந்த ஒரு நிமிஷத்தில் விலை துள்ளுகிற துள்ளலில், "150க்கு விற்றுவிடு" என்று சொல்லி வைத்தது 149.70க்குத்தான் விற்றிருக்கும்.

இரண்டாவது, அளவு. 50 லட்சம் பொய் யென் வைத்துப் பழகியவள் ஒரு லட்சம் உண்மை யென்னோடு வருகிறாள். அங்கே 20,000 யென் நஷ்டம் கொசுக்கடி. இங்கே அதே நஷ்டம் ஐந்தில் ஒரு பங்கு சொத்து. வானாயில் வறுத்துப் பழகியவளிடம் கரண்டியைக் கொடுத்துத் தாளிக்கச் சொன்ன மாதிரி.

மூன்றாவதுதான் முக்கியமானது. அது விலையிலும் இல்லை, அளவிலும் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1979ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். 100 ரூபாய் கிடைத்தால் வருகிற சந்தோஷத்தைவிட, 100 ரூபாய் தொலைந்தால் வருகிற வலி பெரிது என்பது அதன் சாரம். பின்னால் அளந்து பார்த்தபோது வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. கானமனுக்கு 2002ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டிகளுக்கு இது பரிசு இல்லாமலே தெரியும் என்பது வேறு விஷயம்!

பொய்ப் பணத்தில் அந்த வலியே கிடையாது. ஆகவே, வலி வந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதைப் பயிற்சிக் கணக்கு சொல்லித் தருவதும் கிடையாது.

எங்கள் வீட்டுச் சந்தை

இதைப் படித்துவிட்டு நான் என் மனைவியிடம் சொன்னேன். "படித்தது போதும். சோதித்துப் பார்த்துவிடலாமே" என்றாள். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டோம். தினமும் மாலையில், யென் கணக்கில் டாலர் ஏறுமா இறங்குமா என்று ஆளுக்கு ஓர் ஊகம். ஒரு யென்னுக்கு 100 ஸென். 10 ஸென் நமக்குச் சாதகமாக நகர்ந்தால் ஒரு கொட்டை வரவு. பாதகமாக நகர்ந்தால் ஒரு கொட்டை செலவு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

நான்கு வாரம் ஆயிற்று. என்னிடம் 162 கொட்டை. அவளிடம் 109. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"இனிமேல் கொட்டைக்கு ஐந்து ரூபாய்" என்றாள் அவள். ஆளுக்கு 500 ரூபாய் எடுத்து வைத்தோம். தோற்கிற பணம் எங்கள் பெண்ணின் மண் உண்டியலுக்கு. ஜெயித்தால் உண்டியல் தரவேண்டும். உண்டியல்தான் எங்கள் தரகர்.

முதல் நாள் எனக்கு நான்கு கொட்டை, அதாவது 20 ரூபாய் லாபம். கொட்டை ஆட்டமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் விட்டு வைத்திருப்பேன். இப்போது, "வந்தது போய்விடுமோ" என்று கை பரபரத்தது, எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் 30 ரூபாய் நஷ்டம். அங்கே நிறுத்த வேண்டியவன் நிறுத்தவில்லை. "நாளைக்குத் திரும்பிவிடும்" என்றேன். அது 60 ஆயிற்று. பிறகு 110 ஆயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கைபேசியைப் பார்த்தேன். மறுநாள் சாப்பாட்டில் ரசத்துக்கு முன்பே மோரை ஊற்றிக்கொண்டேன்.

"சாதம் எங்கே, நீங்க எங்கே?" என்றாள் மனைவி.

"டோக்கியோவில்" என்றேன்.

மூன்று வாரம் முடிந்தபோது என் 500 ரூபாயில் 310 உண்டியலுக்குள் போயிருந்தது. அவளும் ஜெயிக்கவில்லை; ஆனால் அவள் நஷ்டம் 40 ரூபாய்தான். அவளுடைய சலவைக் கணக்கு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே, ஆட்டம் தொடங்குமுன்பே, "ஆறு கொட்டை போனால் நிறுத்தம்" என்று எழுதியிருந்தாள். ஆறு போனதும் நிறுத்தியும் இருந்தாள்.

"உனக்கு மனசு கேட்டதா?" என்றேன்.

"கேட்கவில்லைதான். அதற்குத்தானே முன்னாலேயே எழுதி வைத்தேன்?" என்றாள்.

உப்பில் ஊறும் நஷ்டம்

என் வியாதிக்கு ஜப்பானியர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நஷ்டத்தில் இருப்பதை விற்க மனமில்லாமல், "என்றைக்காவது ஏறும்" என்று போட்டு வைப்பதற்கு ‘ஷியோஸுகே’ என்று பெயர். உப்பில் ஊறப் போடுவது என்று அர்த்தம். ஆவக்காய் ஊற ஊற ருசிக்கும். நஷ்டம் ஊறினால் ஜாடியே உடையும். இன்னொன்றும் சொல்கிறார்கள்: ‘கோட்ஸு கோட்ஸு டொகான்’. துளித்துளியாகச் சேர்த்ததை ஒரே ‘டமால்’ கொண்டுபோவது!

அந்த ‘டமால்’ 2008ல் வந்தது. ஜூலை மாதத்தில் ஓர் ஆஸ்திரேலிய டாலர் 100 யென்னுக்கு மேல். அமெரிக்காவில் பாங்கிகள் ஆட்டம் கண்டதும், அக்டோபர் கடைசியில் அது 60 யென்னுக்கும் கீழே விழுந்தது. 100 யென் விலையில் 10,000 ஆஸ்திரேலிய டாலர் வாங்கியவருக்கு ஒரு வருஷம் பொறுமையாக இருந்தால் வட்டி வித்தியாசம் அறுபதாயிரம் யென் சொச்சம் வந்திருக்கும். மூன்று மாதத்தில் வந்த நஷ்டமோ நாலு லட்சம்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. 10 லட்சம் யென் பெறுமான டாலர் வாங்க 10 லட்சம் கட்ட வேண்டியதில்லை. சிறு முன்பணம் கட்டினால் போதும். ஒரு காலத்தில் ஜப்பானில் கட்டிய பணத்தைப் போல் நூறு மடங்குக்குக் கூட வாங்க விட்டார்கள். 10,000 யென் கட்டி 10 லட்சத்துக்கு வியாபாரம்! விலை நூற்றில் ஒரு பங்கு சரிந்தால் கட்டியது முழுவதும் காலி. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று கடைசியில் சர்க்காரே தலையிட்டது. 2010 ஆகஸ்டில் 50 மடங்குக்கு மேல் கூடாது என்றார்கள். 2011 ஆகஸ்டில் அதை 25 மடங்காகக் குறைத்தார்கள்.

நஷ்டம் முற்றினால் தரகுக் கம்பெனியே கணக்கை மூடிவிடும் என்பது உண்மை. ஆனால் விலை பாய்கிற வேகத்தில் அதுவும் பிந்திவிடுவது உண்டு. 2019 ஜனவரி 3ஆம் தேதி ஜப்பான் புது வருஷ விடுமுறையில் இருந்தது. காலை ஏழரை மணி சுமாருக்குச் சில நிமிஷங்களில் டாலர் 108 யென் சொச்சத்திலிருந்து 105க்கும் கீழே இறங்கி, மறுபடி ஏறிவிட்டது. விடுமுறைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தபோது விலை பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பணம்தான் இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் கட்டிய முன்பணம் போவது மட்டுமல்ல, மேலும் பாக்கி கட்ட வேண்டி வருவதும் உண்டு. 2024லும் ஒரு பாடம் கிடைத்தது. ஜூலை தொடக்கத்தில் 161 யென்னுக்கு மேல் இருந்த டாலர், ஆகஸ்ட் 5ஆம் தேதி 142க்கும் கீழே போயிற்று. ஒரே மாதம்!

அரங்கேற்றத்துக்கு முன்

"அப்படியானால் வாட்டனாபே அம்மாள் கடுகு டப்பாவை மூடி வைக்க வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். மூடி வைத்தால் ஒரு மோசமும் இல்லை. இறங்கத்தான் போகிறேன் என்கிறவளுக்கு, நிதானஸ்தர்கள் சொல்லும் வழி இது:

பயிற்சியிலேயே சொந்தப் பணத்தின் அளவை வைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு லட்சம் இருந்தால், 50 லட்சத்தை மறந்துவிட்டு ஒரு லட்சத்துக்குள்தான் பழக வேண்டும்.

நோட்டுப் புத்தகம் இல்லாமல் ஒரு யென் கூட அசையக் கூடாது. ஏன் வாங்கினேன், எங்கே நிறுத்துவேன், என்ன ஆயிற்று என்று மூன்று பத்தி. பால் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பிரமாதமில்லை.

நிஜத்துக்கு வரும்போது மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றில் 1,000 டாலர் அளவுக்கும் வாங்கலாம். ஒரு யென் இறங்கினால் 1,000 யென் நஷ்டம். ஒரு லட்சத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. ஒரு தடவைக்கு அதற்கு மேல் இழப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், பத்துத் தடவை தொடர்ந்து தோற்றாலும் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றது இதைத்தான். பாதியை இழந்துவிட்டாலோ, பழைய நிலைக்கு வர மிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும்!

முதல் மூன்று மாதம் லாபத்தைப் பார்க்கக் கூடாது. எழுதி வைத்த இடத்தில் நிறுத்தினோமா என்று மட்டும் பார்க்க வேண்டும். நிறுத்தாமல் லாபம் வந்திருந்தால் அதைத் தப்பாகவே எழுத வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறாதவர்கள் வெட்கப்படாமல் பொய்ப் பணத்துக்கே திரும்பிவிடலாம். நாட்டியத்தில் அரங்கேற்றம் தள்ளிப் போவது இல்லையா?

அரிசிப் பணம், பள்ளிக்கூடச் சம்பளம், வாடகை, வைத்தியச் செலவு இவற்றைத் தொடவே கூடாது. கடன் வாங்கிப் போடவே கூடாது. கணவனிடம் சொல்ல முடியாத நஷ்டத்தை மனைவியோ, மனைவியிடம் சொல்ல முடியாத நஷ்டத்தைக் கணவனோ தாங்கிக்கொண்டிருந்தால், அன்றே அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும்.

பெண்களுக்கு ஒரு நல்ல சமாசாரமும் உண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் 35,000க்கு மேற்பட்ட குடும்பங்களின் பங்கு வியாபாரத்தை ஆராய்ந்து 2001ல் எழுதினார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவிகிதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். அந்த அலைச்சலால் ஆண்களுக்கு வருஷ வருமானத்தில் 2.65 சதவிகிதம் குறைந்தது, பெண்களுக்கு 1.72தான் குறைந்தது. அதிகம் துள்ளியவருக்கு அதிகச் சேதம். அது பங்குச் சந்தை; இது நாணயச் சந்தை. ஆனால் துள்ளுகிற மனசு ஒன்றுதானே?

நம் ஊரில் எப்படி?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். ஜப்பானில் அனுமதித்தது எல்லாம் நம் நாட்டில் அனுமதித்ததாக ஆகாது. கைபேசியில் விளம்பரம் செய்யும் அயல்நாட்டுத் தரகர்களுக்கு முன்பணம் அனுப்பி நாணய வியாபாரம் செய்ய இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதி பெறாத தளங்களின் பெயர்களை ரிசர்வ் பாங்கி 2022 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. அவற்றில் வியாபாரம் செய்கிறவர்கள் மீதே நடவடிக்கை எடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தைகளில் நாணய ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, அந்நிய நாணயத்தில் உண்மையான வரவு செலவு இருக்க வேண்டும் என்பதை ரிசர்வ் பாங்கி 2024ல் வற்புறுத்திச் சொல்லிவிட்டது. வெறும் ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

"முதலில் பொய்ப் பணத்தில் பழகுங்கள்; லாபம் வந்ததும் நிஜப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது வாட்ஸப்பில் அன்போடு அழைத்தால், அந்தப் பொய்ப் பணத்து லாபம் உங்கள் சாமர்த்தியத்தால் வந்ததா, தூண்டில் புழுவாக வந்ததா என்று யோசியுங்கள்.

எங்கள் வீட்டு ஆட்டம் முடிந்துவிட்டது. புளியங்கொட்டைகள் பல்லாங்குழிக்குப் போய்விட்டன. சலவை நோட்டில் மறுபடி வேஷ்டி நாலு, புடைவை ஆறு என்று எழுத ஆரம்பித்திருக்கிறாள் மனைவி. உண்டியலில் மட்டும் 350 ரூபாய் கூடியிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் எங்கள் பெண் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, மறுபடி எப்ப விளையாடுவீங்க?"